ஊசி ஏன் மாத்திரை ஆகவில்லை?



எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கரண்ட் பில்லோ டாக்டர் சீட்டோ, எதுவானாலும் "தம்பி படிக்கிறான், அவனைக் கேளு" என்பார்கள். ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை அம்மா என்னிடம் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. பக்கத்துத் தெருவில் ஒருவர், "இன்சுலின் சத்துள்ள பொடி, தண்ணில கலக்கிக் குடிங்க, ஊசியே வேணாம்" என்று விற்றார். அம்மா நம்பி ஊசியை நிறுத்திட்டாங்க. பத்தே நாளில் ஆஸ்பத்திரி! கட்டிலில் படுத்தபடி கேட்டாங்க: "ஏன்டா, பிரஷருக்கு மாத்திரை இருக்கு. இதை மட்டும் ஏன் வாயில போட்டுக்க முடியல?"

கெமிக்கல் பிரிவில் படிக்கும் நான் முழித்தேன். பிறகு லைப்ரரியில் தேடினேன்.

இன்சுலின் புரத வகை ஹார்மோன். 21 அமினோ அமிலம் ஒரு சரம், 30 இன்னொரு சரம், ஆக மொத்தம் 51 மணிகள். நம்ம வயிற்றுக்கு மருந்து எது, பருப்பு எது என்று தெரியாது. புரதம் என்றால் வெட்டு, அவ்வளவுதான்! இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் ஆரம்பிக்கும். சிறுகுடலில் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் துண்டு துண்டாக நறுக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்சுலினை ரத்தத்தில் விடுவதும் கணையம்தான், அதை நறுக்கும் இந்த இரண்டு நொதிகளையும் குடலுக்கு அனுப்புவதும் அதே கணையம்தான்! தப்பிப் பிழைக்கும் கொஞ்சமும் பெரிய மூலக்கூறு என்பதால் குடல் சுவரைத் தாண்டுவது அபூர்வம். குடித்த இன்சுலின் ஒரு வாய்ப் பருப்புச் சோறாகத்தான் முடியும்.

தைராய்டு ஹார்மோன் மட்டும் மாத்திரையாக வருகிறதே என்று கேட்கலாம். அது சின்ன மூலக்கூறு. நொதி வெட்டுவதற்கு அதில் சரமே இல்லை.

செமாகுளூடைடு என்ற பெப்டைடு மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் மாத்திரை அனுமதி கிடைத்தது. அதிலும் விழுங்குவதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேருகிறது. அது இன்சுலினும் அல்ல. பெரிய விஞ்ஞானிகளே இவ்வளவு திணறும் இடத்தில், தெருமுனைப் பொடி ஜெயித்துவிடுமா?

1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் 14 வயசுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சாவுதான் முடிவு. ஊசி தண்டனை அல்ல நண்பர்களே, வயிற்றைத் தாண்டிப் போகும் வழி!

அம்மாவிடம் அவங்க பாஷையிலேயே சொன்னேன். "அப்போ என் வயிறு அது வேலையைச் சரியாத்தான் பார்க்குது" என்று சிரிச்சாங்க. அன்றிலிருந்து ஊசியை விட்டதில்லை.

இதை நான் ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். பரீட்சைத் தாளில் எழுதியதை வீட்டுத் திண்ணையில் சொல்லாவிட்டால், பொடிக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போவான்.

படிப்போம்! படித்ததை வீட்டுக்கும் சொல்வோம்!