சோளக்கொல்லை பொம்மையின் தோழமை

சிறுவர் கதை ஒன்றைப் படித்து முடித்த பிள்ளையிடம், ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்றுதான் பெரியவர்கள் முதலில் கேட்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம், 1900-ல் வெளியான ‘தி வொண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஓஸ்’ நூலின் முன்னுரையிலேயே இந்தக் கேள்விக்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டார். நீதி புகட்டக் கல்வி இருக்கிறது, இந்தக் கதை குழந்தைகளின் மகிழ்ச்சிக்காக மட்டுமே என்பது அவர் நிலைப்பாடு.

பெரியவர்கள் விடவில்லை. 1964-ல் ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்ற ஆசிரியர், சோளக்கொல்லை பொம்மையில் விவசாயியையும் தகர மனிதனில் ஆலைத் தொழிலாளியையும் கண்டு, கதையை அது எழுதப்பட்ட கால அரசியலின் உருவகமாக வாசித்தார். ‘தேடுவது உன்னிடமே இருக்கிறது’ என்ற நீதியோ எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு வாசிப்புகளும் கதையின் உயிரான பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன. சூறாவளியில் ஓஸ் நாட்டுக்கு வந்துசேர்ந்த சிறுமி டோரத்தி, சோளக்கொல்லை பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகிய நால்வரும் மந்திரவாதியைத் தேடி நடக்கும் வழியில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தப் பகுதி.

வைக்கோலால் ஆன பொம்மைக்கு உலகில் ஒரே பயம், நெருப்பு. காட்டில் ஓர் இரவு டோரத்தி குளிர் காய்கிறாள். பொம்மை எட்டவே நின்று, பஞ்சுப் பொதி போன்ற கைகளால் அவளுக்காகக் கொட்டைகளைப் பொறுக்குகிறது. பொறுக்குவதில் ஏறக்குறைய பாதி தரையில் சிதறுகிறது. அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நெருப்பை விட்டு விலகியிருக்க அது ஒரு சாக்கு. அவள் படுத்த பிறகு மட்டும் தணலை நெருங்கி வந்து, சருகுகளை அள்ளி அவள்மேல் போர்த்துகிறது. தோழமை என்ற சொல்லையே எடுக்காமல் பாம் தோழமையைக் காட்டிவிடுகிறார். சிறுவர் இலக்கியத்தில் இதற்கு இணையான இடங்கள் மிகச் சில என்பேன்.

தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழுகிறான். கண்ணீர் பட்டுத் தாடை துருப்பிடித்து வாய் பூட்டிக்கொள்கிறது. அவன் சைகை டோரத்திக்கும் புரியவில்லை, சிங்கத்துக்கும் புரியவில்லை. மூளை இல்லை என்று வருந்தும் பொம்மைதான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறது.

மயக்கும் பாப்பிப் பூக்களின் வெளியில் இந்தத் தோழமை இன்னும் துலக்கம். பூவின் மணத்தில் டோரத்தி உறங்கிவிடுகிறாள். வைக்கோலுக்கும் தகரத்துக்கும் மணம் ஏறாது. இருவரும் கைகளைக் கோத்து இருக்கையாக்கி அவளைச் சுமந்து வெளியேறுகிறார்கள். தூங்கி விழுந்த சிங்கத்தையோ தூக்க முடியவில்லை. தகர மனிதன் காட்டுப்பூனையிடமிருந்து காப்பாற்றிய எலி ராணியின் குடிகள் ஆயிரக்கணக்கில் வந்து, அதை வண்டியில் வைத்து இழுக்கின்றன. சதையும் ரத்தமும் இல்லாத உடல் இங்கே ஒரு குறையா? எல்லோரும் சதையும் ரத்தமுமாக இருந்திருந்தால் நால்வருமே அங்கே உறங்கிப் போயிருப்பார்கள்.

அதனால்தான் முடிவு இத்தனை கனமானது. காலில் கிடந்த வெள்ளிக் காலணியே வீடு சேர்த்திருக்கும், முதல் நாளே போயிருக்கலாம் என்று டோரத்திக்குத் தெரியவருகிறது. அப்படிப் போயிருந்தால் நாங்கள் என்னவாகியிருப்போம் என்று நண்பர்கள் சொல்ல, அவர்களுக்கு உதவியதில் அவள் மகிழ்கிறாள்.

1939-ல் வந்த திரைப்படம் எல்லாவற்றையும் கனவாக்கி, நண்பர்களைப் பண்ணையாட்களாக மாற்றிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கனவென்றால் அந்தச் சருகுப் போர்வைக்கு என்ன மதிப்பு? நூலில் ஓஸ் உண்மை. சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக டோரத்தியின் ஹென்றி மாமா புது வீடே கட்டியிருக்கிறார். காலணிகள் பாலைவனத்தில் விழுந்து தொலைகின்றன. திரும்பிப் போக வழியில்லை.

அந்தப் பிரிவைக் குழந்தைகள் ஏற்கவில்லை. டோரத்தி மறுபடி ஓஸுக்குப் போக வேண்டும், கோழைச் சிங்கத்தைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்று பாமுக்குக் கடிதம் எழுதினார்கள். 1907-ல் வந்த மூன்றாம் நூலில் அவர் அவளைத் திரும்ப அழைத்துவந்து சிங்கத்தோடு சேர்த்துவைத்தார்.