பள்ளிச் சுவரில் பூஞ்சை: பெயிண்ட் அடிச்சா போகாது (நீண்ட இழை)

1/ வகுப்பறைச் சுவர்ல கறுப்புக் கறுப்பா படர்ந்திருக்கு. மழை பெய்தா மேல்தளத்துல ஈரம் தெரியுது. கதவைத் திறந்ததும் ஊறவெச்சு மறந்த துணி மாதிரி ஒரு வாடை. இதைப் பெற்றோர் கேட்டா வர்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: "லீவுல பெயிண்ட் அடிச்சிடுவோம்." அந்தப் பதில் ஏன் தப்புன்னு சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புறவங்க முழுசா படிங்க.

2/ முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் நாம பயந்த "கருப்பு பூஞ்சை", மியூகார்மைகோசிஸ். கட்டுக்கடங்காத சர்க்கரை, அதிக ஸ்டீராய்டு, இவைதான் அதுக்கு வழி திறந்தன. அங்கே கறுப்பு என்பது பூஞ்சையின் நிறமே இல்லை, செத்துப்போன சதையின் நிறம். சுவரில் வளர்வது கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை. வகுப்பறைச் சுவரைப் பார்த்து "கண்ணு போயிடுமோ"ன்னு பதற வேண்டாம்.

3/ பதற வேண்டாம் என்றால் கண்டுக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் புழங்குவோருக்கு மூச்சுக்குழல் தொந்தரவு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமாவது எல்லாமே அதிகம். இதற்குப் போதிய ஆதாரம் இருக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி நூலாகப் போட்டுச் சொல்லிவிட்டது. இது வாட்ஸ்அப் வதந்தி இல்லை.

4/ என்ன நடக்குது? பூஞ்சை தன் விதைத்தூளைக் காற்றில் விடுது. கண்ணுக்குத் தெரியாது. மூக்கு வழியா உள்ளே போகுது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரவில் இருமல், இழுப்பு. நாளைக்கு 6, 7 மணி நேரம் அதே அறை, அதே பெஞ்சு. "ஞாயிற்றுக்கிழமை நல்லாதான் இருக்கான் டாக்டர், திங்கட்கிழமை போனா ஆரம்பிச்சிடுது"ன்னு அம்மாக்கள் சொல்லும்போது நான் அடுத்துக் கேட்கிற கேள்வி: "வகுப்பில் எந்தச் சுவர் ஓரமா உட்கார்றான்?" இன்ஹேலர் குழந்தையைத்தான் காப்பாத்தும். சுவரை அது காய வைக்காது.

5/ "பெயிண்ட் அடிச்சிடுங்க" என்ற பதிலுக்கு உலகம் பார்த்த ஒரு விலை இருக்கு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு வாடகைக் குடியிருப்பு. பூஞ்சை இருக்குன்னு 2017-லேயே அப்பா புகார் சொன்னார். மேலே பெயிண்ட் அடிச்சுக்கோங்க என்றார்கள். 2020 டிசம்பரில் அவர் மகன் அவாப் இஷாக் இறந்தான். வயது 2. வீட்டுப் பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த மூச்சு நோய்தான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2023-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. அது வீடு, இது பள்ளி. ஆனால் பதில் அதே பதில்தான்.

6/ பெயிண்ட் ஏன் வேலை செய்யாது? பூஞ்சைக்கு வேண்டியது இரண்டே. சாப்பாடு: தூசி, காகிதம், மரம், பெயிண்டே கூட. இது எங்கும் இருக்கு, ஒழிக்க முடியாது. இன்னொன்று ஈரம். நம்ம கையில் இருப்பது அது மட்டும்தான். ஒழுகுற தளத்தை விட்டுட்டு சுவருக்கு நிறம் பூசினா, ஈரம் உள்ளேயே நிக்கும். ரெண்டு மழையில் பெயிண்ட் உப்பி, உரிஞ்சு, பின்னால இருந்து கறுப்பு எட்டிப் பார்க்கும்.

7/ இன்னொரு சூட்சுமம். நம்ம ஊர்ல பெயிண்ட் அடிக்கிறது மே மாசம். சுவர் காய்ஞ்சு கிடக்கும். ஜூன்ல அட்மிஷனுக்கு வர்ற பெற்றோர் பார்ப்பது பளபளக்குற சுவர். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உண்மை நவம்பர்ல தெரியும், அப்போ ஃபீஸ் கட்டியாச்சு. பள்ளிக் கட்டடத்தைச் சோதிக்க வேண்டிய மாசம் நவம்பர். ரிப்பேர் செய்ய வேண்டிய மாசம் மே. நாம ரெண்டையும் மேயிலேயே முடிச்சுடுறோம்.

8/ 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகுதான் கூரை வேய்ந்த வகுப்பறைகளை அகற்றினோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் போன பிறகுதான் பழுதான கட்டடங்களை வேகமா இடிச்சோம். பூஞ்சை ஒரே நாளில் யாரையும் கொல்லாது. அதனால் அதுக்கு விசாரணையும் இல்லை, உத்தரவும் இல்லை. தனியார் பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று, உரிமச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறோம். அந்தச் சுகாதாரச் சான்றில் "மழைக்காலத்தில் வகுப்பறைச் சுவர் ஈரமா?" என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை?

9/ இது அரசுப் பள்ளிப் பிரச்சினை மட்டும்னு நினைக்கிற தனியார் பள்ளிப் பெற்றோருக்கு: ஏசி வகுப்பறைக்குத் தனி ஃபீஸ் கட்டுறீங்க. அங்கே ஜன்னல் திறக்கவே திறக்காது. ஏசி தண்ணி வெளியேறுற குழாய் அடைச்சா சுவருக்குள்ள இறங்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல என்ன வளருதுன்னு யாரும் பார்க்கிறதில்லை. இங்கே ஒழுகுற தளம், அங்கே ஒழுகுற ஏசி. பூஞ்சைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

10/ சரி, எப்படிச் சோதிப்பது? முதல்ல, காற்றில் பூஞ்சை அளக்கும் டெஸ்ட்டுக்குக் காசு கொட்டாதீங்க. "இவ்வளவு இருந்தா பாதுகாப்பு" என்று எல்லோரும் ஏற்ற அளவு எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரிஞ்சா, பொதுவா டெஸ்ட் தேவையே இல்லை என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்காக எழுதிய வழிகாட்டியும் சொல்லுது. தேவையான கருவி: கண், மூக்கு, ஒரு டார்ச்.

11/ மழை விட்ட மறுநாள், இல்லேன்னா பூட்டிக் கிடந்த திங்கட்கிழமை காலை, கதவைத் திறந்த உடனே வாடை பாருங்க. கொஞ்ச நேரம் உள்ளே இருந்தா மூக்குக்குப் பழகிடும். அதனால்தான் தினமும் அங்கே இருக்கிற ஆசிரியருக்குத் தெரியாது. அப்புறம் சுவரைப் படிங்க:
• மேல் மூலையில் கறை: மொட்டை மாடி ஒழுகல், வடிகாலில் அடைப்பு.
• தரையிலிருந்து 2, 3 அடி உயரம் வரை: நிலத்து ஓதம் ஏறுது.
• சுவர் நடுவில் திட்டு: உள்ளே குழாய் கசிவு, பெரும்பாலும் அந்தப் பக்கம் கழிப்பறை.
• ஜன்னலைச் சுற்றி: சன்ஷேடு விரிசல்.
வெள்ளையா மாவு மாதிரி இருந்தா தண்ணி தெளிச்சுப் பாருங்க. கரைஞ்சா அது உப்பு பூத்தது, பூஞ்சை இல்லை. ஆனா தண்ணி அந்த வழியா வருதுன்னு அதுவும் காட்டிக் கொடுக்குது. பீரோவையும் சார்ட் ஒட்டின பலகையையும் நகர்த்திப் பின்னால பார்க்க மறக்காதீங்க.

12/ சுத்தம் செய்ய வரிசை முக்கியம்:
அ) தண்ணி வர்ற வழியை அடை. இது முடியாம மத்தது எதுவும் வேண்டாம்.
ஆ) பிள்ளைகளை வேற அறைக்கு மாத்து.
இ) கதவு, ஜன்னல் திற. காய்ஞ்ச துடைப்பத்தால் தட்டக்கூடாது, தூள் பள்ளி முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணியில் தேய்ச்சு, ஈரத்துணியால் துடைச்சு, நல்லா காய விடு.
ஈ) பூஞ்சை பிடிச்ச சார்ட், அட்டைப்பெட்டி, பஞ்சு, சாஃப்ட்போர்டு எல்லாம் பையில் கட்டி வெளியே.
உ) பொரிஞ்ச பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய்ஞ்ச பிறகு புதுசா பூசு. பெயிண்ட் கடைசி.
வெள்ளம் புகுந்த பள்ளியில் நனைஞ்சதை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்கணும். தாண்டினா பூஞ்சை குடியேறிடும்.

13/ 10 சதுர அடிக்குள், அதாவது சுமார் 3-க்கு 3 அடி இடம்னா, பள்ளிப் பணியாளரே செய்யலாம். அதுக்கு மேலன்னா பொறியாளரைக் கூப்பிடுங்க. யார் செஞ்சாலும் என்-95 மாஸ்க், கையுறை, கண் கண்ணாடி கட்டாயம். தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு முந்தானையைக் கட்டிக்கச் சொல்லிட்டு அனுப்புவது குற்றம். மாணவர்களை இந்த வேலைக்கு விடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

14/ பிளீச்சிங் பவுடர் கொட்டுறது தீர்வில்லை. பூஞ்சை செத்தாலும் அதன் தூள் அலர்ஜியைக் கிளப்பும், அதனால் துடைச்சு அகற்றணும். பிளீச்சிங் பவுடரோட கழிப்பறை ஆசிட்டைக் கலந்தா குளோரின் வாயு வரும். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும். ஒருபோதும் கலக்காதீங்க.

15/ "நாங்கல்லாம் ஒழுகுற பள்ளியில் படிச்சவங்கதான், ஒண்ணும் ஆகலையே?" உங்களுக்கு ஆகலை. பக்கத்துப் பெஞ்சில் இழுத்துக்கிட்டே இருந்து, பாதியில் பள்ளியை நிறுத்தினவன் இந்த இழைக்குப் பதில் போட வரமாட்டான். மேலும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் காத்து உள்ளே வந்து வெளியே போச்சு. இன்றைய கான்கிரீட் பெட்டியில் ஈரம் வெளியே போக வழியில்லை.

16/ "நிதி இல்லை." மாடி வடிகாலில் அடைச்ச இலையை அள்ள எந்த டெண்டரும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் பெயிண்டுக்குக் கிடைக்கிற நிதியை ஒரே ஒரு வருஷம் தளத்துக்குச் செலவு பண்ணுங்க.

17/ பெற்றோர் செய்ய வேண்டியது: நவம்பரில் தேதியோட போட்டோ எடுங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெச்சுத் தீர்மானமா எழுத வையுங்க. தனியார்னா நிர்வாகத்துக்கு எழுத்துல கொடுத்து, நகல் வெச்சுக்கோங்க. கேட்க வேண்டியது "எப்போ பெயிண்ட் அடிப்பீங்க?" இல்லை. "தண்ணி எங்கிருந்து வருது, எந்தத் தேதிக்குள்ள அடைப்பீங்க?" அதுவரைக்கும் இழுப்பு உள்ள குழந்தையை அந்தச் சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னல் பக்கம் உட்கார வைக்கச் சொல்லுங்க. ஆசிரியர்கள் இதுக்கு மறுக்க மாட்டாங்க, இன்னைக்கே கேட்கலாம்.