பானைச் சோறும் பகட்டு டப்பாவும்



'ப்ரீபயாடிக்' என்னும் சொல் இன்று மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. கொத்தமங்கலத்திலிருந்து காரைக்குடிக்குச் சென்று பயிற்சி பெறும் இளைஞரும், மாலை வேளையில் கபடி ஆடும் பிள்ளைகளும் இதனை வாங்கலாமா என்று நம்மிடம் வினவுகின்றனர். இத்தகைய டப்பாக்களுக்குக் கொடுக்கும் பணமோ, கூலி வேலை செய்யும் தந்தையின் வியர்வை. ஆகவே, இதன் உண்மை யாது எனக் குடும்பமாக அமர்ந்து ஆராய்வது நன்று.

நமது பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் நமக்கு நன்மை செய்வன பல. சிறுகுடலில் செரிக்காமல் எஞ்சும் சில வகை நார்ச்சத்தும் மாவுச்சத்தும் பெருங்குடலை அடைந்து இவற்றிற்கு உணவாகின்றன. அச்சத்துகளுக்கே 1995ஆம் ஆண்டில் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்னும் அறிஞர் இருவர் ப்ரீபயாடிக் எனப் பெயரிட்டனர். நன்மை தரும் நுண்ணுயிர்களையே உயிரோடு உட்கொள்வது ப்ரோபயாடிக் எனப்படும். முன்னது தீவனம், பின்னது கால்நடை எனலாம். நுண்ணுயிர்கள் அத்தீவனத்தைப் புளிக்கச் செய்து பியூட்டிரேட் முதலிய அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள்.

பெயர் புதிது, பொருள் பழையது. சின்ன வெங்காயம், பூண்டு, தட்டைப்பயறு, வாழைக்காய் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் பெறுகின்றது. அதில் நீரூற்றி இரவு முழுவதும் வைத்தால் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆக, பழைய சோற்றில் தீவனமும் உண்டு, கால்நடையும் உண்டு! குடல் அழற்சி நோயாளர்க்கு இச்சோறு எவ்வளவு உதவும் என்பதை அறிய, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் தமிழக அரசின் நிதியுதவியோடு ஆய்வில் இறங்கிய செய்தி 2021இல் வெளிவந்தது.

இனி, உழைக்கும் உடல் உணவைப் பயன்படுத்தும் முறையைக் காண்போம். நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைகோஜன் என்னும் வடிவில் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் சேமிக்கப்படுகின்றது. வேகமாக ஓடும்போதும் கபடி ஆடும்போதும் உடல் முதலில் நாடுவது இச்சேமிப்பையே. அவ்வேளையில் இரத்தம் தசைகளை நோக்கி விரைவதால் குடலுக்குச் செல்லும் இரத்தம் பெரிதும் குறைகின்றது. நார்ச்சத்து மிகுந்த உணவையோ ப்ரீபயாடிக் பொடியையோ ஆட்டத்திற்குச் சற்று முன்னர் உட்கொண்டால், வயிறு உப்பி வலி எடுப்பது இதனாலேயே. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல் வெட்டும் தொழிலாளி காலையில் பழையது உண்டு களைப்பின்றி உழைக்கின்றாரே என்று கேட்கலாம். அவர் சீரான வேகத்தில் நெடுநேரம் உழைப்பவர். பந்தய வேகத்தில் ஓடுபவர் அல்லர். மேலும், உப்பிட்ட நீராகாரம் வியர்வையில் இழந்ததை ஈடுசெய்ய உதவுகின்றது.

எனவே, காலம் அறிந்து உண்பதே முக்கியம். நார்ச்சத்து அன்றாட உணவில் இருக்கட்டும். கடும் பயிற்சிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக எளிதில் செரிக்கும் உணவு போதும். பயிற்சி ஒரு மணி நேரத்திற்கு உட்பட்டதாயின் தண்ணீரே பெரும்பாலும் போதுமானது. அதற்கு மேல் நீடித்தால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படலாம். நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. வாழையின் சிறப்பைப் பாருங்கள்! காயாக இருக்கையில் குடல் நுண்ணுயிர்க்குத் தீவனம். பழுத்தபின் ஓடும் கால்களுக்கு எரிபொருள்.

டப்பாப் பொடியால் ஆட்டத்திறன் உயராதோ? பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் குடலில் வெய்லோனெல்லா என்னும் நுண்ணுயிர் ஓட்டத்திற்குப் பின் மிகுந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் கண்டு, 2019இல் வெளியிட்டனர். அதனைச் செலுத்திய எலிகள் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதலான நேரம் ஓடின. வியப்புக்குரிய செய்தியே. ஆயினும் எலிக்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேரும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், உடலைப் பருக்கச் செய்யும் நோக்கத்தோடு புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியுள்ளது.

பழையதைப் போற்றுவதிலும் அளவு வேண்டும். அது எந்நோயையும் தீர்க்கும் மருந்தன்று. நீரிழிவு உள்ளோர் சோற்றின் அளவில் கவனம் கொள்க. தூய நீரையும் தூய பாத்திரத்தையும் பயன்படுத்துக; கெட்ட வாடை வீசினால் கொட்டிவிடுக. நார்ச்சத்து உண்டு பழகாதோர் சிறிது சிறிதாகவே கூட்டுக.

பெற்றோரே, பழைய சோறு ஏழைகளின் உணவு என நாணும் பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டா. அப்பானையில் என்ன இருக்கின்றது என விளக்குங்கள். டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பயறும் பாலும் வாங்குங்கள். வளரும் தசைக்கு வேண்டிய புரதம் அவற்றில் உண்டு. ஆடும் மகனுக்கு மட்டுமன்றி, அடுப்படியில் கடைசியாக உண்ணும் தாய்க்கும் அதில் பங்கு கிடைக்கும்.