காரணம் சொல்லாத பகை

'சிவிலைசேஷன் 5' கணினி விளையாட்டில் நம் கோலாலம்பூரும் ஒரு நகர அரசாக வரும். பொன் கொடுத்தால் நட்பு, கூடக் கொடுத்தால் கூட்டணி. அதில் எனக்குக் குறையில்லை, அரசியல் அப்படித்தானே! எரிச்சல் வேறு இடத்தில். பக்கத்து நாட்டு அரசன் அழைத்தான் என்று அவனோடு சேர்ந்து போருக்குப் போவோம். எதிரியின் நகரங்களைப் பிடித்ததும் அழைத்தவனே நம்மைப் போர்வெறியன் என்று கண்டிப்பான். ஆறாம் பாகத்திலோ, ஒருவன் ஏன் முறைக்கிறான் என்று தேடினால் 'காரணம் தெரியவில்லை' என்று திரையிலேயே எழுதியிருக்கும்.

துரோகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கொரு காரணம் தெரிய வேண்டும், வரலாற்றில் தெரிவதுபோல. சிலாங்கூரில் 1867இல் மூண்ட கிள்ளான் போரில் ராஜா மஹ்டி, ராஜா அப்துல்லாவிடமிருந்து கிள்ளானைப் பறித்தார். சுல்தானின் மருமகன் தெங்கு கூடின் எதிரணியில் நின்றார். கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் அவரோடு சேர்ந்தார். 1874 வரை நீண்ட அந்தச் சண்டையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஈயச் சுரங்கமும் ஆற்று வரியும் யார் கைக்கு என்பதே அது.

இந்த விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவார் என்பது முதல் பாகத்தின் நிரல் பிழையால் வந்தது என்றொரு கதை உண்டு. அப்படியொரு பிழையே இல்லை என்று 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில், விளையாட்டை உருவாக்கிய சிட் மையர் மறுத்துவிட்டார். இல்லாத பிழைக்கு இவ்வளவு புகழ். காரணம் சொல்லாத பகை என்ற இருக்கும் பிழையையோ நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது! நிரல் எழுதுகிறவர்களே, எதிரி தாராளமாகக் காலை வாரட்டும். ஏன் வாரினான் என்பதை மட்டும் திரையில் காட்டுங்கள்.