சீசனுக்கு வருகிறவர்களும் உறவாக வருகிறவர்களும்

2025 மே 8ஆம் நாள் மாலை, புனித பேதுரு பேராலயத்தின் மேல்மாடத்தில் புதிய திருத்தந்தையாகத் தோன்றிய பதினான்காம் லியோ, இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், சற்று நிறுத்தி இஸ்பானிய மொழிக்கு மாறினார். பெரு நாட்டிலுள்ள சிக்லாயோ மறைமாவட்ட மக்களை வாழ்த்துவதற்காகவே அப்படிச் செய்தார். அவர் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோவில். ஆயினும் உலகமே கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பிறந்த ஊரை அல்ல, பணி செய்யப் போன ஊரையே பெயர் சொல்லி அழைத்தார். 1985இல் இளம் துறவியாகப் பெரு நாட்டிற்குச் சென்றவர், பின்னாளில் சிக்லாயோவின் ஆயரானார். 2015இல் அந்நாட்டின் குடியுரிமையையும் பெற்றார். இதை நாம் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அந்த வாழ்த்து நம்மிடம் எழுப்பும் கேள்வியைப் பற்றி அதிகம் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்து நம்மிடம் பணி செய்ய வருகிறவர்களுக்கும் நமக்கும் இடையே என்ன உறவு உருவாகிறது?

தென்காசிப் பகுதி மக்களுக்கு வந்து போகிறவர்கள் புதியவர்கள் அல்லர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நிற்க இடம் இருக்காது. சாரல் ஓய்ந்ததும் சாலை வெறிச்சோடிவிடும். வந்தவர்களின் பெயரை யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. ஆனால் ஆண்டுதோறும் வந்து, ஒரே கடையில் மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கும் ஒருவரிடம் கடைக்காரர் மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். அவர் ஒரு ஆண்டு வராவிட்டால், என்ன ஆயிற்றோ என்று கவலைப்படுவார். வருகை என்பது இருவருக்கும் ஒன்றுதான்; உறவு ஒன்றல்ல.

வெளிநாட்டுத் தன்னார்வப் பணியிலும் இந்த இரு வகை உண்டு. இரண்டு வாரம் வந்து, பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது ஒரு வகை. அதில் தீய எண்ணம் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சுவருக்கு வண்ணம் பூச நம் ஊரிலேயே ஆள் உண்டு. அவருக்கு அன்றைய கூலியும் தேவை. இவான் இல்லிச் என்ற அருள்பணியாளர், மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் மறைப்பணியாளர்களுக்கு மொழி கற்பித்து வந்தவர். அவர் 1968 ஏப்ரலில் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களிடம் இதைவிடக் கடுமையாகப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். இது மிகை என்பது நம் கருத்து. எனினும், மக்களோடு பேச மொழி தெரியாதவர் அவர்களுக்கு நன்மை செய்யக் கிளம்புவதைப் பற்றி அவர் எழுப்பிய ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இன்னொரு வகையைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அது கிறிஸ்தவ நிறுவனம் அன்று. ஆனாலும் கற்றுக்கொள்வதற்கு அது தடையில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. ராமகிருஷ்ணன் அவர்கள் 1981இல் தம் ஊரிலேயே அதைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார். (ஒரு நன்றியுணர்வு நிறுவனத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது!) 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கனடா முதலிய நாடுகளிலிருந்து இயன்முறை மருத்துவர்களும் மாணவர்களும் அங்கே வந்து தங்கிப் பணி செய்திருக்கிறார்கள். அங்கே பணி இன்னது என்று தீர்மானிப்பவர் விருந்தினர் அல்லர், வீட்டுக்காரர். வருகிறவர் சக்கர நாற்காலியில் இருப்பவரின் தலைமையில் வேலை செய்கிறார். அவர் கற்றுத்தருவதை உள்ளூர்ப் பணியாளர் கற்று, அவர் போன பிறகும் செய்கிறார். இங்கே யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது.

இதே கருத்தை நூறு ஆண்டுகளுக்கு முன் உலகமே கேட்கச் சொன்னவர் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டில் அவர் பேசினார். மறைப்பணியாளர்களின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடு நினைக்கும் என்றார். ஏழைகளுக்காக நீங்கள் உடைமையையும் உயிரையும் கொடுத்தீர்கள் என்றார். அதன்பின், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். கூடவே உழைக்கும் இந்தியரைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்காத வெள்ளையர்கள் பலர் என்ற கசப்பான உண்மையும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்தது. அரங்கில் சிலர் முகம் சுளித்தனர். இருந்தாலும் அந்த மாநாட்டில் இன்றுவரை நினைக்கப்படும் பேச்சுகளில் முதன்மையானது அதுவே.

பந்தி என்றால் என்ன என்று நம் சமூகத்திற்குத் தெரியும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதை வைத்தே இங்கே உறவும் அளக்கப்பட்டது, பகையும் அளக்கப்பட்டது. ஆகவே அசரியா கேட்டது வெள்ளையரிடம் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி அன்று. நம் சேரிகளுக்குச் சென்று உதவிப் பொருள் வழங்கும் பங்கு இளைஞர் குழு, அங்கே ஒரு வீட்டில் சோறு உண்டு வருகிறதா?

இப்போது இது அவசரமாகவும் ஆகியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளிக்கத் தடை வந்தது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. நிதி முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக்கே வர வேண்டும் என்றாயிற்று. 2021 கிறிஸ்துமஸ் நாளில் அன்னை தெரேசாவின் சபைக்கே பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில் மீண்டும் கிடைத்ததை நாம் அறிவோம். சுற்றுலா விசாவில் வந்து மறைபரப்புப் பணி செய்யவும் அனுமதி இல்லை. இந்தக் கெடுபிடிகளில் சிலவற்றை நியாயமற்றவை என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அவை ஒன்றை வெளிச்சமாக்கிவிட்டன. காசோலையால் மட்டும் கட்டப்பட்டிருந்த தொடர்புகள், காசோலை நின்றதும் கடிதம் கூட இல்லாமல் முடிந்துபோகும். பெயர் தெரிந்து, வீடு தெரிந்து, வீட்டாரின் நோயும் சாவும் தெரிந்து வளர்ந்த நட்புக்கு எந்த வங்கிக் கிளையும் தேவைப்படுவதில்லை.

எனவே நம் பங்குகளுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் முறைப்படி வரும்போது, சால்வையும் மாலையும் வரவேற்பு நடனமும் கொஞ்சம் குறையட்டும். மேடையில் உட்கார வைத்தால் அவர்கள் விருந்தினர்களாகவே திரும்பிப் போவார்கள். வீட்டில் தங்கட்டும், தமிழில் பத்து வார்த்தை தவறாகப் பேசி நம் பிள்ளைகளிடம் சிரிப்பு வாங்கட்டும், பணி முடிந்து போனபின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாமும் கேட்போம். காமநாயக்கன்பட்டியில் மறைப்பணி ஆற்றிய இத்தாலியரான பெஸ்கி, தமிழரிடம் மாணவராக உட்கார்ந்த பிறகே வீரமாமுனிவர் ஆனார்.

இன்று போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அன்று. நம் அருள்பணியாளர்களும் அருள்சகோதரிகளும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பணியாற்றுகிறார்கள். முதியவர்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் ஆலயங்களில் திருப்பலி நிறைவேற்றிவிட்டுத் தனி அறைக்குத் திரும்பும் நம் அருள்பணியாளரை, அங்குள்ள குடும்பங்கள் ஞாயிறு மதிய உணவுக்கு அழைக்கின்றனவா? அழைத்தால் அவர் போகிறாரா? அசரியாவின் கேள்வி இப்போது திசைமாறி நிற்கிறது.

1926இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறு, ஒவ்வொரு அக்டோபரிலும் நம்மிடம் காணிக்கை கேட்கிறது. கொடுப்போம். அதோடு, தென்காசியிலிருந்து ஓரிரு இளையோரை ஓர் ஆண்டுக்கு ஒடிசாவுக்கோ தெலங்கானாவுக்கோ அனுப்ப முடியுமா என்று பங்குப் பேரவைகள் பேசிப் பார்க்கலாம். கடல் கடக்கத் தேவையில்லை, மொழி கடந்தாலே போதும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னோடிகள் எண்ணியதும் அதுதான். அசரியாவே 1909இல் குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அங்கே அவரும் தெலுங்கை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.