பிறக்கும் முன் போடும் எடை

38 வார ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் சிசுவின் உத்தேச எடை இருக்கும். 3,612 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண்ணும் இருக்கும்: 542 கிராம். தாய் சேய் நல அட்டையில் ஏறுவது முதல் எண் மட்டும்தான். அட்டையிலிருந்து அது வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறது. "மூணரைக் கிலோவுக்கு மேல இருக்கும்ங்கறாங்க டாக்டரம்மா, எதுக்கு ரிஸ்க்கு, ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று கர்ப்பிணியின் அம்மா வந்து நிற்கும்போது வலி தொடங்கியிருக்காது, கருப்பை வாயை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். முடிவு மட்டும் பாதி எடுக்கப்பட்டிருக்கும்.

உத்தேச எடையே வேண்டாம் என்று வாதிடுவது இந்த உரையின் நோக்கமல்ல. அது இல்லாமல் இன்று பிரசவத்தைத் திட்டமிட முடியாது. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதிலாக அதை வைக்கிறோம் என்பதில் நாம் தடுமாறுகிறோம். பிள்ளை எங்கே பிறக்க வேண்டும் என்று தீர்மானிக்க அந்த எண் நல்ல துணை. எப்படிப் பிறக்க வேண்டும் என்ற கேள்விக்கோ, மிகப் பெரிய பிள்ளைகளை விட்டுவிட்டால், அது பலவீனமான சாட்சி. நம் வார்டுகளில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் அதைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

நம் இயந்திரங்களில் பெரும்பாலானவை 1985இல் ஃபிராங்க் ஹேட்லாக் குழுவினர் வெளியிட்ட சமன்பாடுகளைக் கொண்டே எடையைக் கணக்கிடுகின்றன. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என நான்கு அளவுகள். நான்கையும் சரியாக எடுத்தாலும் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஏழரை சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு பிள்ளைகளின் பிறப்பு எடை கணிப்புக்கு ஏழரை சதவீதம் முன்பின்னாக அமையும். இருபதில் ஒரு பிள்ளை 15 சதவீதத்தையும் தாண்டி விலகும். நம் 3,612 கிராம் பிள்ளை 3,070 கிராமோடும் பிறக்கலாம், 4,150 கிராமோடும் பிறக்கலாம். முதலாவதற்கு யாரும் அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்ல மாட்டார்கள்.

நான்கு அளவுகளில் முடிவை அதிகம் ஆட்டிவைப்பது வயிற்றுச் சுற்றளவு. குறுக்களவு 92 மி.மீ., தலைச் சுற்றளவு 330, தொடை எலும்பு 72 என்று வைத்துச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். வயிறு 340 மி.மீ. என்றால் எடை சுமார் 3,240 கிராம். அதையே 360 என்று அளந்துவிட்டால் 3,560. மற்ற மூன்றும் அப்படியே இருக்க, 20 மி.மீ. வித்தியாசத்தில் 320 கிராம் கூடிவிடுகிறது. தலை இறங்கி, பனிக்குட நீர் குறைந்து, முதுகு மேலாகத் திரும்பிய 39 வாரச் சிசுவில் இத்தகைய பிழை அரிதல்ல. புரோப் சற்றுச் சாய்ந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். இரைப்பைக் குமிழும், தொப்புள் சிரை கல்லீரலுக்குள் வளைந்து போர்ட்டல் சைனஸைச் சேரும் இடமும் ஒரே தளத்தில் வர வேண்டும். சிறுநீரகம் தெரிந்தால் கீழே இறங்கிவிட்டோம் என்று பொருள். ரிப்போர்ட்டோடு வரும் படத்தில் இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் படத்தைப் பார்க்காமல் எடையை மட்டும் படிப்பவர் பாதி ரிப்போர்ட்டைத்தான் படிக்கிறார்.

ஸ்கேனுக்கு முன்பிருந்தே நம் கையில் டேப் இருக்கிறது. சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்லி, எண் தெரியாத பக்கம் மேலே இருக்குமாறு டேப்பை வைத்து, கருப்பையின் மேல் விளிம்பிலிருந்து பியூபிக் எலும்பின் மேல் விளிம்பு வரை அளக்கிறோம். 34 செ.மீ. என்றால், தலை இஸ்கியல் ஸ்பைன் மட்டத்துக்கு வந்திருக்கும் நிலையில், 1954இல் ஜான்சனும் டோஷாக்கும் தந்த கணக்குப்படி 34இல் 12ஐக் கழித்து 155ஆல் பெருக்க வேண்டும்: 3,410 கிராம். தலை இன்னும் மேலே இருந்தால் 13ஐக் கழிப்போம்: 3,255. நைஜீரியாவில் டேர் குழுவினர் சொன்ன வழி இதைவிட எளிது. தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை அந்த உயரத்தால் பெருக்கினால் போதும்: 95 பெருக்கல் 34, அதாவது 3,230. இரண்டரை முதல் நான்கு கிலோ வரையுள்ள பிள்ளைகளில் அனுபவமுள்ள கை ஸ்கேனுக்குப் பெரிதாக இளைத்ததல்ல என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பே பெற்ற தாயிடம் கேட்டாலும் ஏறக்குறைய அதே துல்லியத்தில் விடை கிடைக்கும் என்று 1992இல் சுனீத் சௌஹான் குழுவினர் எழுதினார்கள். "மூத்தவனைவிட இது கனமா இருக்கா?" என்ற கேள்வியை நம் இளம் மருத்துவர்கள் கேட்க மறந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே மட்டும் கை ஏமாற்றும். அங்கே ஸ்கேன்தான் வேண்டும்.

பெரிய பிள்ளை என்றால் நம் அச்சம் ஷோல்டர் டிஸ்டோசியா. அந்த அச்சம் நியாயமானது. தலை வந்து தோள் வராத அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த யாரும் அதை மறப்பதில்லை. ஆனால் தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவங்களில் ஏறத்தாழ பாதி நான்கு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில்தான் நேர்கிறது. 1996இல் ரௌஸ் குழுவினர் போட்ட கணக்கு இன்றும் படிக்கத் தக்கது. நீரிழிவு இல்லாத தாய்மாரில் நாலரைக் கிலோ என்ற கணிப்பை எல்லையாக வைத்து அறுவை செய்தால், ஒரே ஒரு நிரந்தர பிரேக்கியல் பிளெக்ஸஸ் பாதிப்பைத் தவிர்க்க 3,695 சிசேரியன்கள் தேவைப்படும். நீரிழிவு உள்ளவர்களில் அதே எல்லைக்கு 443. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, நீரிழிவு இல்லாதவர்களுக்கு 5,000 கிராமிலும் இருப்பவர்களுக்கு 4,500 கிராமிலும்தான் திட்டமிட்ட சிசேரியன் பற்றிப் பேசலாம் என்கிறது.

முன்கூட்டியே வலி வரவழைப்பது பற்றி இன்னும் ஒருமித்த முடிவில்லை. 2015இல் பூல்வேன் குழுவின் ஆய்வில் சிக்கல்கள் 6 சதவீதத்திலிருந்து 2ஆகக் குறைந்தன. 2025இல் வெளியான பிரிட்டனின் பிக் பேபி ஆய்வில் 2,893 பெண்கள். 38ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் ஷோல்டர் டிஸ்டோசியா 2.3 சதவீதம், மற்றவர்களில் 3.1. இந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை. இரண்டாவது குழுவிலும் பலருக்கு முன்கூட்டியே பிரசவம் நடந்துவிட்டது அதற்கு ஒரு காரணம். தாயிடம் இரு பக்கத்தையும் சொல்லி அவர் விருப்பத்தைக் கேட்கும் இடம் இது.

"அமெரிக்கப் பெண்ணின் இடுப்புக்குப் போட்ட எல்லை 145 செ.மீ. உயரமுள்ள நம் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று நம் மூத்த மருத்துவர்கள் கேட்பதுண்டு. கேள்வி சரியானது. மூன்றரைக் கிலோ சிலருக்குப் பெரிய பிள்ளைதான். ஆனால் 15 சதவீதம் பிழையுள்ள கணிப்பைக் கொண்டு எல்லையை அரைக் கிலோ கீழே இறக்கினால், சுகமாகப் பெற்றிருக்கக்கூடிய பெண்களையே அதிகம் அறுப்போம். குட்டையான தாய்க்குப் பிள்ளை பெரிதா என்பதற்கு விடை பிரசவ வலியில் இருக்கிறது: தலை இறங்குகிறதா, கருப்பை வாய் திறக்கிறதா, தலை எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றனவா. அதைக் கவனிக்க ஆளும் பார்ட்டோகிராஃபும், தேவைப்பட்டால் உடனே அறுக்க அரங்கும் வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இதற்குக் காரணங்கள் பல. ரிப்போர்ட்டில் உள்ள ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நாளைக்கே நிறுத்த நம்மால் முடியும்.

நீரிழிவு மட்டும் தனிக் கதை. அங்கே பிள்ளையின் தோளும் உடலும் தலையைவிட அதிகமாகப் பெருக்கின்றன. அதே எடையுள்ள இன்னொரு பிள்ளையைவிடத் தோள் மாட்டும் வாய்ப்பு கூடுதல். சென்னையில் வி. சேஷய்யா முன்னெடுத்த, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது. அந்த முடிவும் உத்தேச எடையும் அட்டையில் அருகருகே இல்லையென்றால் இரண்டுக்கும் பாதி மதிப்புதான்.

இனி சிறிய பிள்ளைகள். இவர்களைப் பற்றி நம் கூட்டங்களில் குறைவாகவே பேசுகிறோம், நம் நாட்டின் சுமையோ இங்கேதான் இருக்கிறது. அதே குடும்ப நல ஆய்வில், எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் கீழ். 34 வாரத்தில் 1,600 கிராம் என்று வந்தால், பிழையைச் சேர்த்து 1,360 முதல் 1,840 வரை. வீச்சின் எந்த முனையில் பிறந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவு வேண்டும். எண் எவ்வளவு தவறினாலும் முடிவு மாறாத இடம் இது. அந்தத் தாயை வலி வரும்வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளையோடு, அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை தரும் சீமாங் மையத்துக்கு அனுப்புவது, பிறந்த பிள்ளையை 108 ஆம்புலன்ஸில் அனுப்புவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.

வளர்ச்சி குன்றியதா, இயல்பிலேயே சிறிய பிள்ளையா என்பதை எடை மட்டும் சொல்லாது. டாப்ளர் பார்க்க வேண்டும். எடையோ வயிற்றுச் சுற்றளவோ 3ஆவது சென்டைலுக்குக் கீழே இருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் ஸ்கேனில் ஹேட்லாக் அட்டவணை, இரண்டாவதில் நாக்பூரையும் உள்ளடக்கிய இன்டர்குரோத் அட்டவணை என்று மாற்றினால், நன்றாக வளரும் பிள்ளையும் சென்டைல் சரிந்ததாகத் தெரியும். ஒரு கர்ப்பத்துக்கு ஓர் அட்டவணை. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று. பத்து நாளில் திரும்ப அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் பிழையின் வளர்ச்சிதான்.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அட்டையில் எடையை வீச்சாக எழுதுங்கள். அளந்த தேதியும் அட்டவணையின் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். லேபர் வார்டுப் பதிவேட்டில் பிறப்பு எடைக்கு அடுத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடுபோட்டு, கடைசி ஸ்கேனில் வந்த உத்தேச எடையையும் டேப் கணக்கையும் அதில் குறியுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் மருத்துவமனையின் பிழை எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கைத் தாய்மாரின் பெயரை நீக்கி எங்களுக்கு அனுப்பினால், நம் பெண்களில் இந்தச் சமன்பாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இதே பக்கங்களில் வெளியிடுவோம்.