சீட்டு எழுதுபவர் யார்?

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைத் தருபவர் என்பன அந்நான்கு. பேராசானின் பகுப்பைத் திருத்தும் தகுதி எனக்கில்லை. எனினும் இன்றைய அரசு மருத்துவமனையில் இந்நான்கிற்கும் முன்னால், ஒரு சிறிய சன்னலுக்குப் பின்னே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஓ.பி. சீட்டு வாங்காமல் மருத்துவரையும் காண இயலாது. மருந்தையும் பெற இயலாது. அந்த நாற்காலியில் பகுதிநேரப் பணியாளனாகச் சில மாதங்கள் அமர்ந்தவன் என்ற முறையில் சில கருத்துகளை ஈண்டு எழுத விழைகிறேன்.

வளவனூர்ப் பக்கத்து மக்கள் காய்ச்சல், இருமல் என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வர். பெரிய நோய் என்றால் ஒருபுறம் விழுப்புரத்தைக் கடந்து முண்டியம்பாக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கப்பட்டது. மறுபுறம் புதுச்சேரி ஜிப்மர். எங்குச் சென்றாலும் அவர்களிடம் முதற்கேள்வி கேட்பவர் மருத்துவர் அல்லர், சீட்டு எழுதுபவரே. நான் பணியாற்றிய மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாம் சுழற்சி மாணவன் ஆதலால் காலைப் பொழுது எனக்கு ஓய்வு. ஒப்பந்ததாரர் ஒருவர் மூலம் இவ்வேலை கிடைத்தது. பயிற்சி என்று சொன்னால், கணினியில் எந்தக் கட்டத்தில் எதைத் தட்டச்சு செய்வது என்று அரைமணி நேரம் காட்டினார்கள். அவ்வளவே. பெயர், வயது, ஊர் எழுதுவதற்கு இது போதாதா என்று கேட்கலாம். வயதையே எடுத்துக்கொள்வோம். "எத்தனை வயசு ஆயா?" என்று கேட்டால், "தானே புயல் அடிச்சப்போ எம் பேரன் கைக்கொழந்த சாமி, நீயே கணக்குப் போட்டுக்கோ" என்று விடை வரும். தானே புயல் அடித்தது 2011 டிசம்பரில். பேரனின் வயது தெரிந்துவிடும். ஆயாவின் வயதுக்கு நான் எங்கே போவேன்? வரலாற்று மாணவனுக்கு இது நல்ல பயிற்சி.

நிற்க. வயது சற்று முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்த கேள்விதான் கடினம். "என்ன செய்கிறது?" என்று கேட்டு, வரும் பதிலைக் கொண்டு பொது மருத்துவமா, எலும்புப் பிரிவா, மகளிர் பிரிவா என்று முடிவு செய்ய வேண்டும். இது எழுத்தர் வேலையா, மருத்துவ வேலையா? பின்னால் இருபது பேர் நிற்க, முன்னால் மீசை அரும்பிய ஓர் இளைஞன் இருக்க, மாதவிலக்குத் தொல்லையையோ வெள்ளைப்படுதலையோ எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? "தலைவலி தம்பி" என்பாள். சீட்டில் பொது மருத்துவம் என்று விழும். அங்கே ஒரு மணி நேரம் நின்று, மருத்துவரிடம் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்ன பிறகு மகளிர் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கும் வரிசை. அன்றைய களையெடுப்புக் கூலி போயிற்று. இதே நிலையில் உள்ள வேறொருத்தி அந்தத் தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பியும் விடுவாள்.

யார் வரிசையில் நிற்கக்கூடாது என்பதை அறிவதும் இந்த நாற்காலியின் கடமை. கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்த ஒருவர், காலில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் அமைதியாக வந்து நின்றார். அரசு அலுவலகம் என்றால் வரிசை என்று பழகிய மனம்! அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் கூச்சலிட்டதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள். பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. நல்ல செயல். ஆனால் அச்செய்தியை முதலில் அறிய வேண்டிய சன்னலில் இருப்பவருக்கு, அப்படி இறுகக் கட்டுவது தீங்கு என்றுகூட எவரும் சொல்லித் தருவதில்லை.

நாய்க்கடி ஊசி போடும் நாள்களும் அப்படியே. முதல் நாள் போட்டபின் மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களில் மீண்டும் வரவேண்டும். சீட்டில் தேதிகள் எழுதித்தான் கொடுக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் வெளியே போகும்போது நம் சன்னலில் நின்று கேட்பார். "அமாவாசை கழிச்சு மறுநாள்" என்று சொன்னால்தான் அவர் மனத்தில் நிற்கும். இவ்வாறு சொல்வதற்கு நாள்காட்டி வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக நேரம் வேண்டும்.

இப்போது பதினான்கு இலக்க ஆபா எண் வந்திருக்கிறது. பழைய நோய்க்குறிப்புகள் தொலையாமல் இருக்க இது பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண், சென்னையில் கட்டட வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்கல்லவா போகிறது? ஆயா சன்னலில் நிற்க, மகன் சாரத்தில் நிற்க, எண் காலாவதியாகிவிடும்.

இத்தகைய பணியைப் பகுதிநேரமாக, நாளுக்கொருவர் மாறும் வேலையாக வைத்திருப்பது முறையன்று என்பதே என் கருத்து. நான் நண்பகலில் எழுந்து கல்லூரிக்கு ஓடுவேன். காலையில் எந்த ஆயாவை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன், அவர் எங்கே காத்திருக்கிறார் என்பது என்னோடு பேருந்து ஏறிவிடும். அடுத்து அமர்பவர் துப்புரவுப் பணியிலிருந்து அழைக்கப்பட்டவராகவும் இருப்பார். அவர்மீது குற்றமில்லை.

மருத்துவர், செவிலியர் இடங்களையே முதலில் நிரப்பட்டும், சீட்டு எழுத ஆள் எதற்கு என்று என் நண்பன் ஒருவன் வாதிட்டான். தவறான பிரிவுக்கு வந்த ஒவ்வொருவரும் மருத்துவரின் நேரத்தையும் அல்லவா எடுத்துக்கொள்கிறார்? இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணி, மருத்துவமனைப் பக்கம்கூட அல்ல, ஊர் மருத்துவர்களின் வரவேற்பாளர்களுக்கும் எழுத்தர்களுக்கும் பயிற்சி தருவதற்கு 2016இல் நான்கரைக் கோடி பவுண்டு ஒதுக்கியது. மருத்துவரின் சுமை குறையும் என்பதே அதன் நோக்கம். அந்நாட்டுச் செல்வம் நமக்கில்லை. ஆனால் நாம் கேட்பதும் கோடிகள் அல்ல. முழுநேரப் பணியிடம், இரண்டு வாரப் பயிற்சி, பெண்களுக்குத் தனிச் சன்னல், அதில் ஒரு பெண் பணியாளர். இவை வந்தால் என்னைப் போன்ற பகுதிநேரத்தார் சிலருக்கு வேலை போகும். போகட்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்றும் உண்டு. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சுவரில் வாசகம் எழுதுகிறார்கள். மருத்துவ அலுவலரின் இசைவு பெற்று, சீட்டுச் சன்னலுக்கு மேலே ஒரு பலகை எழுதித் தரலாமே. பாம்புக்கடி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பிரசவ வலி ஆகியவற்றோடு வருபவர் வரிசையில் நிற்க வேண்டா, நேரே அவசரப் பிரிவுக்குச் செல்க என்று பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவர்க்காகப் பக்கத்தில் ஒரு பாம்பின் படமும், சிவப்பில் ஓர் அம்புக்குறியும். நம் கல்லூரியில் ஓவியம் வரையத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.